ஓடையும் பதினான்கு படங்களும்

இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு மென்பொருள் எதற்கு என்ற கேள்வியை எங்கள் நண்பர் குழாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல வாசகர்கள் என்பதால் அதை அலட்சியம் செய்ய எங்களால் முடிந்ததில்லை. ‘பாடலைத் தெரிந்தவன் பாடலைச் சொல்லட்டும், கணினியைத் தெரிந்தவன் அதைத் திரையில் ஏற்றட்டும்’ என்பது அவர்கள் வாதம். கேட்கும்போது நியாயமாகவே இருக்கிறது. ஆனால் 2003இல் வண்ணார்பேட்டை மாடியறை ஒன்றில் நாங்கள் கற்ற சிறு கல்வி ஒன்று இந்த வாதம் தவறு என்று எங்களுக்குக் காட்டியது. மென்பொருள் இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் காட்டியது காட்டியதுதான்.

அந்த மென்பொருளின் பெயர் ஆதர்வேர். இன்றைய இளைஞர்களுக்கு இப்பெயர் புதிதாக இருக்கும் என்பதால் அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய ‘பிளேட்டோ’ என்னும் கணினிவழிக் கல்வித் திட்டத்தைக் கன்ட்ரோல் டேட்டா நிறுவனம் பின்னாளில் வணிகத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே பணியாற்றிய மைக்கேல் ஆலன், நிரல் எழுதத் தெரியாத ஆசிரியரும் தம் பாடத்தைத் தாமே கட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு 1987இல் ஆதர்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1992இல் அது வேறொரு நிறுவனத்தோடு இணைந்து மேக்ரோமீடியா ஆயிற்று. மேக்ரோமீடியாவை 2005 டிசம்பரில் அடோபி வாங்கியது. ஏழாம் பதிப்பு 2003இல் வந்தது, எட்டாவது வரவே இல்லை. இனி இதை வளர்க்கப்போவதில்லை என்று 2007இல் அடோபி அறிவித்தபோது தமிழ்நாட்டில் எத்தனை பேர் வருந்தினார்களோ, வண்ணார்பேட்டையில் நான்கு பேர் வருந்தினோம்.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்ணார்பேட்டை தாமிரபரணியின் பாளையங்கோட்டைக் கரையில் இருக்கிறது. சந்திப்பிலிருந்து, 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்துதான் நாங்கள் வகுப்புக்குப் போனோம். ரசிகமணி டி.கே.சி.யின் வீடு இங்கேதான் இருந்தது. அவ்வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கம்பனைப் படித்ததால்தான் அந்தக் கூட்டத்துக்கு ‘வட்டத்தொட்டி’ என்ற பெயர் நிலைத்தது. இலக்கியக்காரர்கள் நால்வர் அதே பேட்டையில் கணினி கற்கப் போனதில் ஏதோ முறைகேடு இருப்பதாக எங்களில் ஒருவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவரைப் பின்னால் மீண்டும் சந்திப்போம்.

கற்பித்த இளைஞருக்கு எங்களில் எவரையும்விட வயது குறைவு. அவருக்கு நாங்கள் எல்லோரும் அண்ணாச்சிகள். முதல் நாள் அவர் திரையில் காட்டியது ஒரு வெள்ளைச் சன்னல். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒற்றைக் கோடு. ஆங்கிலத்தில் ‘ஃப்ளோலைன்’ என்றார். நாங்கள் ஓடை என்றே சொல்லத் தொடங்கினோம், பிறகு அவரும் அப்படியே சொன்னார். இடப்பக்கத்தில் 14 ஐகான்கள். காட்டு, நகர்த்து, அழி, காத்திரு, முடிவுசெய், உரையாடு, கணக்கிடு, ஒலி, படம் என்று ஒவ்வொன்றும் ஒரு வினை. வேண்டியதை மவுஸால் இழுத்து ஓடையில் போட வேண்டும். கணினி மேலிருந்து கீழாக ஓடையில் இறங்கி, எதிர்ப்படும் ஒவ்வொன்றையும் செய்துகொண்டே போகும். கோட்டருகே வெள்ளைக் கொடி நட்டால் அங்கிருந்து தொடங்கும். கறுப்புக் கொடி நட்டால் அங்கே நின்றுவிடும். நீண்ட கோவையைச் சுருக்க ஒரு குழு ஐகான் உண்டு. அதைத் திறந்தால் உள்ளே இன்னொரு ஓடை. கிளையாற்றுக்குள் வாய்க்கால், வாய்க்காலுக்குள் மடை என்று தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்கு இதைப் புரியவைக்கத் தனியாக ஓர் ஆசிரியர் தேவையே இல்லை.

அதே காலத்தில் புழக்கத்தில் இருந்த மற்ற கருவிகளோடு ஒப்பிட்டால்தான் இதன் அழகு விளங்கும். ஆப்பிள் 1987இல் வெளியிட்ட ஹைப்பர்கார்டு பாடத்தைச் சீட்டுக்கட்டாகப் பார்த்தது. ஒரு சீட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். மேக்ரோமீடியாவின் டைரக்டர் அதை நாடகமாகப் பார்த்தது. மேடை, நடிகர் பட்டியல், நொடிக்கு நொடி யார் எங்கே நிற்பது என்னும் குறிப்பேடு எல்லாம் அதில் உண்டு. ஆதர்வேர் மட்டும் பாடத்தை ஒரு போக்காகப் பார்த்தது. எதற்குப் பின் எது, எங்கே நிற்பது, எங்கே பிரிவது என்பவை மட்டுமே அதன் கவலை. கவிதையைப் படிக்கிற மனத்துக்கு இவற்றுள் எது நெருக்கமானது என்று எங்களைக் கேட்டால் தயங்காமல் மூன்றாவதைச் சொல்வோம்.

‘அண்ணாச்சி, படத்த யோசிக்காதிய. கோட்ட மொதல்ல பேப்பர்ல போட்டுட்டு வாருங்க’ என்று அந்த இளைஞர் சொன்னார். அந்த வகுப்பில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல அறிவுரை அதுதான். மற்ற நாட்களில் எந்தப் பட்டியில் எந்தக் கட்டளை இருக்கிறது என்பதையே கற்பித்தார்கள். கணினிப் பயிற்சி மையங்கள் பலவும் அப்போது அப்படித்தான் இருந்தன. சமையல் கற்கப் போனவனுக்கு அஞ்சறைப் பெட்டியின் அறைகளை மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவது போல.

எங்கள் பாடத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது கம்பனின் ஆற்றுப்படலம். பால காண்டத்தின் தொடக்கத்தில் சரயு நதி மலையில் இறங்கி, நிலம் நிலமாகக் கடந்து கடலுக்குப் போகும் பகுதி. ஓடை என்ற சொல் கையில் கிடைத்த பிறகு வேறு எதைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்? ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பாடல்களைப் படித்துத் தந்தார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாடலையும் மூன்று முறை படிப்பார். முதல்முறை சீர் பிரித்து, இரண்டாம் முறை பொருள் தெரியும்படி நிறுத்தி, மூன்றாம் முறை இரண்டையும் மறந்தவரைப் போல ஒரே ஓட்டமாக. பாடம் நீள்கிறது என்று நாங்கள் முதல் இரண்டையும் வெட்டினோம். அந்தக் கத்தரிப்பு எங்கள் கையால் நடந்தது. வேறு யார்மீதும் பழி போட வழியில்லை.

முதலில் எங்களுக்குத் தடையாக வந்தது எழுத்து. ஒருங்குறி அப்போது எங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை. நாங்கள் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. திரையில் ‘அம்மா’ என்று தெரியும். ஆனால் கணினியின் அறிவில் அது நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. தமிழ் என்பது அதன்மேல் போர்த்திய சட்டை. மாணவர் விடையைத் தட்டச்சு செய்யும் வகையில் ஒரு பயிற்சி வைத்திருந்தோம். விடையை ஒப்பிடும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே, மிகையான நிறுத்தக் குறிகளைப் பொருட்படுத்தாதே என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. ஆங்கிலம் எழுதும் பிள்ளைகள்மீது காட்டிய கருணை அது. இரண்டும் குறியிடப்பட்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. விளைவு என்ன தெரியுமா? பாமினியில் ஒற்றைக்கொம்பு சிற்றெழுத்து, இரட்டைக்கொம்பு அதே எழுத்தின் பேரெழுத்து. ஆகவே ‘கெடு’ என்று எழுதினாலும் ‘கேடு’ என்று எழுதினாலும் சரி என்றது எந்திரம். மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகச் சேமிக்கப்பட்டதால் ‘கல’ என்பதும் ‘கல்’ என்பதும் ஒன்றாயின. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் முதலிலேயே வகுத்துவைத்த குறில் நெடில் வேறுபாடும் மெய்க்குப் புள்ளியும் இரண்டு கட்டங்களில் கரைந்து போயின. கணினி தெரிந்தவருக்கு இது பிழையாகவே படாது. அவர் கொடுத்த விடை ஏற்கப்பட்டது, பச்சை விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கோ பிழை தெரியும், அதன் இருப்பிடம் தெரியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருந்ததால் எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது மட்டுமே வீணாயிற்று.

ஆனால் நாங்கள் சொல்லவந்தது எழுத்துருப் பிழை அல்ல. அதைவிடப் பெரிய பிழை ஒன்றை நாங்களே செய்திருந்தோம்.

உரையாடு என்ற ஐகானில் மாணவர் பதில் தரும் முறைகள் 11 உண்டு. பொத்தான், பட்டியல், தட்டச்சு, காலவரம்பு எனப் பல. அவற்றில் எங்களை மயக்கியது, ஒரு பொருளை இழுத்து உரிய இடத்தில் வைக்கும் முறை. சந்தனம், அகில், தந்தம், மயிற்பீலி, நெற்கதிர், கரும்பு என்று படங்கள். எதிரே நான்கு நிலங்கள். உரிய நிலத்தில் வைத்தால் நடுவே சென்று பொருந்திக்கொள்ளும், மணி ஒலிக்கும். தவறாக வைத்தால் பொருள் தானாகவே புறப்பட்ட இடத்துக்கு ஓடிவிடும். ‘தவறு’ என்று சிவப்பில் எழுத்து வரும். கைதட்டல் ஓசைகூடச் சேர்த்திருந்தோம் (இப்போது நினைத்தால் கூசுகிறது). பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் 2004இல் இதை ஓட்டிக் காட்டினோம். பிள்ளைகள் முண்டியடித்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சந்தனக் கட்டையை எடுத்து மருதத்தில் வைத்தாள். அது குறிஞ்சிக்கு ஓடிற்று. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் ஓடிற்று. மூன்றாம் முறையும் அதுவே.

எங்களில் ஒருவர் குனிந்து, ‘சந்தனம் மலைப்பொருள் இல்லையாம்மா?’ என்றார்.

‘ஆத்துல அடிச்சிட்டு வந்திருக்கும்லா சார்?’ என்றாள் அவள்.

நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆற்றுப்படலத்தில் கம்பன் சொல்வது அதையேதான். வெள்ளம் பொன்னையும் மணியையும் பீலியையும் தந்தத்தையும் அகிலையும் சந்தனத்தையும் சுமந்து வருவதால் வணிகரைப் போன்றது என்கிறான். ஒரு நிலத்தின் பொருளை இன்னொரு நிலத்துக்குக் கடத்தி, முல்லையைக் குறிஞ்சியாகவும் மருதத்தை முல்லையாகவும் மாற்றிவிடுகிறது என்கிறான். நிலங்களைப் பிரித்து அடுக்குவது இலக்கணம். அடுக்கியதை ஆறு கலைத்துப் போடுவதுதான் கவிதை. நாங்கள் கம்பனைப் பாடமாக வைத்துவிட்டுக் கம்பன் சொன்னதைத் தவறு என்று குறிக்கும் எந்திரம் ஒன்றைக் கட்டியிருந்தோம். அதுவும் அவன் சொன்னதை மூன்று முறை சரியாகச் சொன்ன ஒரு பெண்ணின் கண்ணெதிரில்.

அன்றிரவு மாடியறைக்குத் திரும்பி அந்த ஐகானைத் திறந்தோம். ஒவ்வொரு பதிலுக்கும் அருகில் ஒரு சிறு தேர்வு இருக்கும். சரியான விடை, தவறான விடை, மதிப்பிடப்படாதது என்று மூன்று நிலைகள். நாங்கள் எதையும் தொடாமல் விட்டிருந்தால் மூன்றாவதுதான் அங்கே இருந்திருக்கும். மென்பொருள் தானாக நிற்பது அந்த நிலையில்தான். வலிந்து போய் ஒவ்வொன்றையும் சரி என்றும் தவறு என்றும் மாற்றியது நாங்கள். மதிப்பெண் போடாவிட்டால் அது பாடமாகாது என்ற எண்ணம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. நம் எல்லோருக்கும் அது ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

மாற்றி அமைத்தோம். எல்லாவற்றையும் மதிப்பிடப்படாததாக ஆக்கினோம். ஆற்றையே ஓர் இடமாக வைத்தோம். மாணவர் சந்தனத்தை ஆற்றில் விட்டால் நகர்த்து ஐகான் அதை வளைந்த பாதையில் இழுத்துக்கொண்டு போகும். முல்லையிலோ மருதத்திலோ ஒதுக்கும். ஒதுங்கிய நிலத்தின் பெயர் மெல்ல மங்கும். அதன் பிறகு ஒரு காத்திரு ஐகான். பிறகுதான் பாடலின் ஒலி. இந்தக் காத்திருப்பு ஐகானை நாங்கள் முன்பு தொட்டதே இல்லை. திரை சும்மா நின்றால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார் என்ற பயம். ஆனால் அந்தச் சில நொடிகளில்தான் பிள்ளைகள் ‘ஏம்ல பேரு அழிஞ்சிட்டு?’ என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். டி.கே.சி. ஒரே பாடலைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டியதும், எங்கள் தமிழாசிரியர் மூன்று முறை படித்ததும் இந்த இடைவெளிக்காகத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்டிய ஒலிக்கோப்புகளைத் தேடினோம். இடம் போதவில்லை என்று முன்பே அழித்திருந்தோம். ஆசிரியர் அதற்குள் படுத்த படுக்கையாகியிருந்தார்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பாடலைத் தெரிந்தவன் சொல்லிக் கொடுத்துக் கணினி தெரிந்தவன் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பெண் சொன்ன பதில் எங்கள் காதில் விழுந்திருக்கும், ரசித்திருப்போம், வீட்டுக்கு வந்து நண்பர்களிடம் சொல்லியிருப்போம். குறுந்தகடு அப்படியே இருந்திருக்கும். மாற்றச் சொல்லி வேறொருவரிடம் போனால் ‘எல்லாம் சரியாத்தானே ஓடுது?’ என்பார். சரியாகத்தான் ஓடியது. எங்கே என்ன தவறு என்று கண்டுகொள்ளக் கம்பன் தெரிய வேண்டும். அந்தத் தவறு நடந்தது மூன்று நிலைகளைக் கொண்ட ஒரு தேர்வில் என்று கண்டுகொள்ள ஐகான் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே தலைக்குள் சற்றேனும் இருந்தாக வேண்டும். நிபுணத்துவம் வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் கற்றது நாற்பது மணிநேரத்துக்குள் அடங்கும். நிரல் எழுதும் கணக்கிடு ஐகானை இறுதிவரை அச்சத்தோடுதான் திறந்தோம்.

‘அந்த நேரத்தில் இன்னும் நான்கு படலம் வாசித்திருக்கலாம்’ என்றார் நாம் மேலே விட்டுவந்த நண்பர். உண்மைதான், வாசித்திருக்கலாம். ஆனால் ஆற்றுப்படலத்தை அப்படிச் சீர் சீராக, எதற்குப் பின் எது என்று பிரித்துப் பார்த்து நாங்கள் முன்னெப்போதும் வாசித்ததில்லை. எங்கே நிற்பது என்று தீர்மானிக்க வேண்டியிருந்ததால், கவிஞன் எங்கே நிற்கிறான் என்று பார்க்க வேண்டியிருந்தது. இந்தப் பயனை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நட்புக்கு அதனால் பழுதில்லை.

கருவிகள் மாறிவிட்டன. ஃபிளாஷ் 2020 இறுதியோடு விடைபெற்றது. இன்று உலாவியிலேயே பயிற்சிகளைக் கட்ட எச்5பி போன்ற இலவசக் கருவிகள் உள்ளன. 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறிகள் அச்சாயின. கைப்பேசியைக் காட்டினால் காணொளி வந்தது. எல்லாம் நன்றே. ஆனால் தமிழ்ப் பாடத்துக்கென்று வரும் பயிற்சிகளில் எங்கள் கண்ணில் படுபவை பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பவைதாம். தவறாக வைத்த சந்தனம் இன்னமும் குறிஞ்சிக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டுகிறவர்கள் திறமைசாலிகள், அதில் ஐயமில்லை. அவர்கள் அருகில் உட்கார்ந்து ‘அந்தத் தேர்வை மாற்று’ என்று சொல்ல ஒரு தமிழாசிரியர் இல்லை. இருந்தாலும் அவருக்கு அப்படியொரு தேர்வு இருப்பதே தெரியாது. குறை சொல்வதானால் எங்களைப் போன்ற இலக்கியக்காரர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைமீறி வந்தது. ஆற்றை ஒட்டிய தெருவில் இருக்கும் எங்கள் நண்பரின் வீட்டுக் கீழ்த்தளம் மூழ்கியது. சேற்றை அள்ளியபோது கிடைத்த பெட்டியில் அந்தக் குறுந்தகடும், நாங்கள் ஓடையை வரைந்து பழகிய நீள நோட்டும் இருந்தன. மூலக்கோப்பு எப்போதோ பழுதான வன்தட்டோடு போய்விட்டது. குறுந்தகட்டைக் கழுவித் துடைத்து, எக்ஸ்பி ஓடும் பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து இட்டுப் பார்த்தோம். ஓடிற்று. தமிழாசிரியரின் குரல் வந்தது. அவர் இன்று இல்லை. ஒவ்வொரு பாடலும் ஒரே முறை.

குரலை மறுபதிவு செய்துவிட்டோம். பாடத்தின் எழுத்துகளை வெளியே நகலெடுக்க வழியில்லாததால் திரையைப் பார்த்து ஒருங்குறியில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். இம்முறை எதையும் எந்த நிறுவனத்தின் கோப்புக்குள்ளும் மட்டும் பூட்டி வைப்பதாக இல்லை. வெறும் உரைக்கோப்பு, தனி ஒலிக்கோப்பு, தாளில் ஓடை. இம்மூன்றும் இருந்தால் எந்தக் கருவியிலும் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

நோட்டின் பல பக்கங்களில் மை கரைந்து பரவியிருக்கிறது. ஆயினும் கோடுகள் தெரிகின்றன. கடைசிப் பக்கத்தில் ஓடையின் அடியில் ஒரு குழு ஐகான் வரைந்து ‘கடல்’ என்று எழுதியிருக்கிறோம். மலையில் ஒன்றாகப் பிறந்து கடலில் கலந்த வெள்ளம் இடையிலே ஏரியும் குளமுமாய்ப் பரந்ததை, சமயங்கள் பலவாறாகச் சொல்லும் ஒரே பொருளோடு ஒப்பிடும் பாடலுக்கான இடம் அது. உள்ளே என்ன வைப்பது என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. குறுந்தகட்டிலும் ஓடை அந்த இடத்தில் சும்மா நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். கம்பன் நோக்கமும் கொஞ்சம் பொறுமையும் உள்ளவர்கள் வந்து சேர்ந்துகொள்ளலாம்.